கிளெண்டா அளவுக்குப் போட்ட சீட்

கோல்ன், லங்காஷயர்
2018 மார்ச் 4

அன்புள்ள கிளெண்டாவுக்கு,

ஜேனிஸ் எழுதுவது. இங்கே நானும் கீத்தும் சுகம், முழங்கால்கள் மட்டும் எங்கள் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நியூசிலாந்தில் நீயும் உன் மகன் நீலும், மருமகள் கிர்ஸ்டியும், பேரன் ஃபின்னும் நன்றாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். வீடியோவில் பேசினால் போதாதா, கடிதம் எதற்கு என்று கேட்பாய். வீடியோவில் நீல் போனைப் பிள்ளையின் பக்கம் திருப்பிவிடுகிறான். பிள்ளை வாழைப்பழம் தின்பதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு நான் வைத்துவிடுகிறேன். சொல்ல வந்தது எதையும் சொன்னபாடில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் காரின் அரசாங்கச் சோதனைக்குத் தேதி கிடைத்துவிட்டது. மே பதினைந்து, செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணி. ஏழு வருஷமாக என் கராஜில் கிடக்கும் வண்டிக்கு அந்த ஒரு நாள்தான் கணக்கு. அன்றைக்குத் தேறினால் நம்பர் பிளேட் கிடைக்கும், ரோட்டில் ஓட்டலாம். தேறாவிட்டால் அது மஞ்சள் பெயின்ட் அடித்த கோழிக்கூடு. இது நான் சொன்னதில்லை, என் வீட்டுக்காரர் கீத் சொன்னது. "ஒருத்தி ஸ்கூல் பிள்ளைங்களுக்கு உருளைக்கிழங்கு மசிச்சவ, இன்னொருத்தி ஃபேக்டரில ஒயர் முடிச்சவ. நீங்க கட்டின வண்டிய ரோட்டுல விட்டா கவர்ன்மென்ட்டுக்கே பைத்தியம் பிடிச்சிருக்கணும்" என்று டீயை ஆற்றிக்கொண்டே சொல்கிறார். அந்த டீயை நான்தான் போட்டுக் கொடுத்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

விண்ணப்பத்தில் 'வண்டியைக் கட்டியவர் பெயர்' என்று ஒரே ஒரு கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டில் நம் இரண்டு பேர் பெயரையும் பொடி எழுத்தில் நெருக்கி எழுதினேன். நாமே கட்டினோம் என்பதற்குப் படங்கள் வேண்டும் என்றார்கள். பெட்டியிலிருந்து அறுபது படம் எடுத்தேன். பாதிப் படத்தில் உன் பின்பக்கம்தான் தெரிகிறது, முன்பக்கம் எப்போதும் டாஷ்போர்டுக்கு அடியில். அதையே அனுப்பினேன். ஆட்சேபம் ஒன்றும் வரவில்லை.

இப்போது வீட்டில் நடப்பது கூர் மழுக்கும் வேலை. சோதனை செய்கிறவர் கையில் ஒரு பந்து வைத்திருப்பாராம். குறுக்களவு பத்து சென்டிமீட்டர். அதை வண்டி மேல் உருட்டிக்கொண்டே போவார். அது படுகிற இடத்தில் எதுவும் கூராக இருக்கக் கூடாது, எல்லா முனையும் உருண்டையாக இருக்க வேண்டும். அப்படியொரு பந்துக்கு எங்கே போவது? கீத் புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பவுலிங்கில், குறிக்காக முதலில் உருட்டிவிடுவார்களே, அந்தச் சின்னப் பந்து. அளந்தால் அரை சென்டிமீட்டர்தான் குறைகிறது. பெயின்ட் அடிக்கும்போது ஒட்டுகிற காகித டேப்பை அதைச் சுற்றி ஒட்டிச் சரிசெய்துகொண்டேன். சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கிளம்பின மனிதர் பையைத் திறந்து பந்தை எடுத்து, டேப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, என்னை மேலும் கீழும் அளந்தார்.

பந்து தொட்ட நட்டுக்கெல்லாம் ரப்பர் குல்லா மாட்டிவிட்டேன். தகடு விளிம்புக்கெல்லாம் கறுப்பு ரப்பர் பட்டி ஒட்டிவிட்டேன். சேசிஸ் கம்பியின் ஓரங்களையும் விடவில்லை. இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையை நடத்தியவள் ஒரு வேலையைத் தொட்டால் அரைகுறையாக விடமாட்டாள் என்று உனக்குத் தெரியும்.

உன் வயரிங் தங்கம். விளக்கு, வைப்பர், ஹாரன் எல்லாம் முதல் தடவையிலேயே வேலை செய்தன. ஹாரன் அடித்தபோது பக்கத்து வீட்டு நாய் வேலி தாண்டிப் போய்விட்டது, மூன்று மணி நேரம் தேடினார்கள்.

இனி முக்கியமான பேச்சு. சோதனைக்கு வண்டி ஓட்டிப்போவது யார் என்று மூன்று ஆட்டம் டாமினோ போட்டோம், நீ இரண்டில் ஜெயித்தாய். அதனால்தான் டிரைவர் சீட்டை உன் அளவுக்கு வைத்தோம். முன்னும் பின்னும் நகர்கிற தண்டவாளம் வைத்தால் சீட் உயரமாகிவிடும் என்று நாலு போல்ட் போட்டுத் தரையோடு இறுக்கினோம். என் முன்னறைச் சுவருக்கு ஒட்டி மிஞ்சின கிளிப்படம் போட்ட காகிதச் சுருளில்தானே உன்னை உட்காரவைத்துக் கோடு கிழித்து அச்சு எடுத்தேன். நீ ஐந்தடி ஒரு அங்குலம், நான் ஐந்தடி பதினோரு அங்குலம். அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டீயரிங்குக்கு இரண்டு பக்கமும் காதுபோல நிற்கிறது.

நீ போன வருஷம் ஃபெப்ருவரியில் போனாய். கிர்ஸ்டிக்குப் பிரசவத்துக்குப் பிறகு உடம்பு தேற மூன்று மாதம் ஆகும், அதுவரைதான் என்றாய். விமானம் ஏறுவதற்கு முதல் நாள்கூட கராஜுக்கு வந்து என்னை எண்ணெய் டின் மேல் உட்காரவைத்துக் காலை நீட்டச் சொல்லி அளந்தாய், க்ளட்ச் பெடலைச் சரிசெய்ய என்றாய். பெடல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, நீ வந்து சரிசெய்வதற்காக. கிர்ஸ்டிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று எழுது. டிக்கெட் எடுத்தால் தேதியை எழுது. ஈஸ்டருக்குள் என்றாய், நான் நச்சரிக்கவில்லை, கேட்கிறேன் அவ்வளவுதான்.

பிள்ளைக்கு என் முத்தம். உனக்குச் சாப்பிடச் சொல்லி ஒரு அதட்டல்.

உன் கராஜ்காரி
ஜேனிஸ்


கோல்ன்
2018 மே 16

அன்புள்ள கிளெண்டா,

நீங்கள் எல்லோரும் சுகம்தானே. நான் சுகமில்லை, ஆனால் அது உடம்பைச் சேர்ந்ததில்லை. கோபத்தில் எழுதுகிறேன், கையெழுத்து அப்படித்தான் இருக்கும்.

தேறவில்லை.

ஏப்ரல் முடிந்தும் உன்னிடமிருந்து தேதி வரவில்லை. சரி, நானே ஓட்டிப்போகிறேன் என்று முடிவெடுத்தேன். கீத் அன்றைக்கே சொன்னார்: "ஜேன், சீட்டக் கழட்டிப் பின்னால தள்ளிப் போடு. ரெண்டு மணி நேர வேலை. கிளெண்டாவுக்கு அங்க வேலை இருக்கு, அவ வரமாட்டா." நான், "அவ வருவா. சீட்ல கைய வச்சீங்கன்னா ராத்திரிச் சாப்பாடு கிடையாது" என்றேன். மனிதர் கையை எடுத்துக்கொண்டார்.

நேற்றுக் காலை ஆறரைக்குக் கிளம்பினேன். நம்பர் பிளேட் இல்லாத வண்டியைச் சோதனைக்குப் போய்வரும் வழியில் மட்டும் ஓட்டலாம் என்பதால் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டேன். நல்ல வெயில். வண்டி என்னமாய் ஓடியது தெரியுமா. மேட்டில் ஏறும்போது அந்தச் சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது, காற்றில் கண்ணீர் காதுப்பக்கம் போனது. முழங்கால் மட்டும் ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீயரிங்கில் இடித்தது.

சோதனை செய்தவர் பெயர் ஹாலிவெல். நெட்டையான, நிதானமான மனிதர், சட்டைப்பையில் ஆறு பேனா. பந்தை எடுத்து வண்டி முழுக்க உருட்டினார். ஒரு இடத்திலும் கூர் இல்லை. "ஏம்மா, இத்தன வருஷத்துல இப்படி ஒரு வண்டி பாத்ததில்ல. குழந்தையத் தூங்க வைக்கலாம் போல இருக்கு" என்றார். நான் பூரித்துப்போனேன். பிறகு சேசிஸ் நம்பர் எங்கே என்றார். கம்பியில் அச்சடித்திருக்கிறது என்றேன். குனிந்தார், படுத்தார், டார்ச் அடித்தார். கம்பியும் இருக்கிறது, நம்பரைக் காணோம். இருபது நிமிஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நம்பர் இருந்த ஓரத்தின் மேலேயே கறுப்புப் பட்டியைப் பசை போட்டு ஒட்டித் தொலைத்திருக்கிறேன். ஓரம் என்று கண்டதையெல்லாம் ஒட்டினால் இப்படித்தான். சமையலறைக் கத்தியால் நானே சுரண்டி எடுத்தேன். அவர் பார்க்காததுபோல் பேனாக்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கடைசியில் ஸ்டீயரிங் சோதனை. மெதுவாக வட்டம் போட்டு ஓட்டிக்கொண்டே ஸ்டீயரிங்கைக் கைவிட வேண்டும், அது தானாகத் திரும்பி நேராக வர வேண்டும். ஹாலிவெல்லே ஓட்டுவதாக இருந்தார். ஒரு காலை உள்ளே விட்டார், இன்னொரு காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "நீங்களே ஓட்டுங்கம்மா, நான் வெளிய நின்னு பாக்கறேன்" என்றார். ஓட்டினேன். கைவிட்டேன். ஸ்டீயரிங் பாதி திரும்பி நின்றுவிட்டது. இன்னொரு தரம். அதே இடத்தில் நின்றது. மூன்றாம் தரம் அவர் கூடவே நடந்து வந்து எட்டிப் பார்த்தார். "வண்டியில கோளாறு இல்லம்மா. அது திரும்பத்தான் பாக்குது. உங்க முட்டிதான் பிடிச்சு நிறுத்துது" என்றார்.

பிறகு கேட்டார்: "இது யாருக்குப் போட்ட சீட்டு?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை, கிளெண்டா. அறுபத்தொரு வயதுக்காரி, முந்நூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்காரவைத்தவள், வாயை மூடிக்கொண்டு அந்த மஞ்சள் வண்டியில் மடங்கி உட்கார்ந்திருந்தேன். அவர் தாளில் எழுதினார்: டிரைவர் சீட் ஓட்டுபவருக்குப் பொருந்தவில்லை, ஸ்டீயரிங்குக்குத் தடை. மற்றதெல்லாம் சரி. ஜூன் பத்தொன்பதாம் தேதி மறுபடியும் கொண்டுவரச் சொன்னார்.

திரும்பும்போது உன் தெரு வழியாக வந்தேன். சுற்றுவழிதான், ஆனாலும் வண்டியை உன் வீட்டுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. உன் வாசலில் பலகை நட்டிருக்கிறது. விற்பனைக்கு என்று போட்டிருக்கிறது.

காற்றில் கொஞ்சம் சாய்ந்திருந்தது. நான் நேராக்கவில்லை.

கீத்திடம் சொன்னேன். அவர் கேலி எதுவும் செய்யாமல் போய் இரண்டு பேருக்கும் மீனும் சிப்ஸும் வாங்கி வந்தார். அதுவே எனக்குத் தாங்கவில்லை.

நான் உன்னிடம் சண்டை போடவில்லை. பேரனைப் பார்க்காதே என்று எந்தப் பாவியாவது சொல்வாளா. கிர்ஸ்டி இப்போதும் சில நாட்களில் படுக்கையை விட்டே எழுவதில்லை என்று நீல் சொன்னான், நீ இல்லாமல் அவனுக்கு முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் பலகை நடுகிறவனுக்குத் தெரிந்த விஷயம் எனக்கு ஏன் தெரியவில்லை? அதை மட்டும் எழுது. சீட்டில் நான் கைவைக்கப்போவதில்லை. ஜூன் பத்தொன்பது போனால் போகட்டும். வண்டி கராஜிலேயே இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தை நாளைக்குத் திரும்பப் படித்தால் கிழித்துவிடுவேன், அதனால் இப்போதே தபாலில் போடுகிறேன்.

ஜேனிஸ்


கோல்ன்
2018 ஜூன் 20

என் அன்புள்ள கிளெண்டா,

நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும் என்று இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை, மனதாரவே எழுதுகிறேன்.

உன் உறை ஜூன் ஐந்தாம் தேதி வந்தது. தடியாக இருந்தது. நாலு பக்கம் சமாதானம் எழுதியிருக்கிறாய் என்று நினைத்து, கெட்டிலை வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிரித்தால் கடிதம் இல்லை. நாலாக மடித்த ஒரு பெரிய காகிதம். அதில் நாலு வட்டம், நடுவில் கோடு, முன் எது பின் எது என்று அம்புக்குறி. ஓரத்தில் உன் கிறுக்கல்: 'ஜேனிஸ் அளவு. நாலரை அங்குலம் பின்னால். பிடிவாதம் பிடிக்காதே.'

முதலில் எரிச்சல்தான் வந்தது. வீட்டை விற்பவள் எனக்கு ஓட்டை போடச் சொல்லிக்கொடுக்கிறாளா என்று காகிதத்தை மேஜை மேல் வீசினேன். அது கவிழ்ந்து விழுந்தது. கீத் தான் முதலில் பார்த்தார். "ஜேன், இது நம்ம கிளி" என்றார்.

பின்பக்கம் முழுக்கக் கிளி. என் முன்னறைச் சுவரில் ஒட்டியிருந்த அதே பச்சைக் கிளி, 'ஒவ்வொண்ணும் என்னையே முறைக்குது' என்று கீத் இரண்டே வருஷத்தில் பிய்த்துப்போட வைத்த கிளி. அந்தக் காகிதம் உலகத்தில் வேறெங்கும் மிச்சமில்லை, என் கராஜ் அலமாரியில் தவிர. உன் ஊர்க் கடையில் நீ வாங்கியிருக்க முடியாது.

அப்போதுதான் எண்ணெய் டின் நினைவுக்கு வந்தது. நீ கிளம்புவதற்கு முதல் நாள், க்ளட்சுக்கு என்று என் காலை அளந்தாயே. க்ளட்சுக்காக இல்லை. நான் டீ போட உள்ளே போன நேரத்தில் என் அலமாரியிலிருந்தே காகிதம் கிழித்து, என் அளவுக்குச் சீட் அச்சு வரைந்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாய். மூன்று மாதம் என்று என்னிடம் சொன்ன அன்றைக்கே உனக்குத் தெரியும்.

அன்று முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். மறுநாள் அது வேறுவிதமாகத் தெரிந்தது. தெரிந்தே போனவள் அந்தக் காகிதத்தை என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். நீ வைக்கவில்லை. பூமியின் அந்தப் பக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாய். பதினாறு மாதம் அனுப்பாமல் வைத்திருந்தாய். நான் சீட்டைக் கழற்ற மனமில்லாமல் இங்கே உட்கார்ந்திருந்த அத்தனை நாளும், நீ காகிதத்தை அனுப்ப மனமில்லாமல் அங்கே உட்கார்ந்திருந்தாய். இரண்டு கிழக் கழுதைகள். ஒன்றாவது வாயைத் திறந்து பேசியிருக்கலாம்.

மடிப்பெல்லாம் தேய்ந்து, ஒரு மூலையில் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது. எத்தனை தடவை பிரித்துப் பார்த்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். மறுநாளே சீட்டைக் கழற்றினேன். உன் காகிதத்தைத் தரையில் விரித்து நாலு ஓட்டை போட்டேன். கீத் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்பானரைப் பிடித்தார். முகத்தில் விழுந்த இரும்புத்தூளுக்கெல்லாம் சேர்த்து, "ஒருத்தி பக்கத்துல இருந்து உயிர வாங்கினா, இன்னொருத்தி பன்னண்டாயிரம் மைல் தள்ளி இருந்து வாங்கறா" என்றார். உட்கார்ந்து பார்த்தேன். முழங்காலுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் ஒரு கை போகிற இடம். பெல்ட்டும் தோளில் சரியாகப் பொருந்தியது. கால் இஞ்ச் கூடவோ குறையவோ இல்லை. அடி பாதகத்தி, இவ்வளவு நன்றாக என்னை யாரும் அளந்ததில்லை, என் கல்யாண உடை தைத்தவள் உட்பட.

நேற்றுக் கீத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். அதே ஹாலிவெல், அதே ஆறு பேனா. இந்தத் தடவை அவரே உட்கார்ந்து ஓட்டினார், அவருக்கும் கால் நீட்ட இடம் இருந்தது. வட்டம் போட்டார், கையை விட்டு மேலே தூக்கிக் காட்டினார். ஸ்டீயரிங் தானாகத் திரும்பி நேராக வந்து நின்றது. மூன்று தடவையும் வந்தது. நான் மைதானத்தின் ஓரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தேன், கீத் எனக்கும் அந்த மனிதருக்கும் நடுவில் வந்து நின்று மறைத்துக்கொண்டார்.

பிறகு ஹாலிவெல் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். பழைய நாலு ஓட்டையை நான் வெல்டிங் வைத்து அடைக்கவில்லை. ரப்பர் மூடி போட்டு வைத்திருக்கிறேன். "இது எதுக்கும்மா?" என்று கேட்டார்.

போன தடவை வராத பதில் இந்தத் தடவை வந்தது. "அது இன்னொரு டிரைவருக்கு. நாங்க ரெண்டு பேர் கட்டின வண்டி. அவ உயரம் அவ்வளவுதான்" என்றேன்.

அவர் தாளைத் திருப்பி, கோட்டில் நெருக்கி எழுதின இரண்டு பெயரையும் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தேறிவிட்டோம், கிளெண்டா. சான்றிதழ் கணப்படுப்புக்கு மேல்தட்டில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வரும் வழியில் உன் வீட்டுப் பக்கம் போனோம். பலகையில் விற்றாயிற்று என்று ஒட்டியிருக்கிறார்கள். ஹாரனை ஒரு தடவை அடித்துவிட்டு வந்தேன். வாங்கினவர்கள் நல்ல மாதிரியாக இருக்கட்டும், உன் ரோஜாச்செடியைக் கண்டபடி வெட்டாதவர்களாக இருக்கட்டும்.

ஃபின் நன்றாக நடக்கட்டும், விழுந்தாலும் கூரில்லாத இடமாகப் பார்த்து விழட்டும். கிர்ஸ்டி எழுந்து வெயிலில் உட்காரட்டும், என் பெயரைச் சொல்லி அவளுக்கு ஒரு கப் டீ போட்டுக் கொடு. நீல் தன் அம்மாவை நன்றாக வைத்திருக்க வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல். அங்கேயே இரு, நீ தேவைப்படுகிற இடத்தில் இரு. இதை நான் மனதோடுதான் சொல்கிறேன், சொல்ல இவ்வளவு நாள் ஆனது என் குற்றம்.

ஆனால் ஒரு தடவை வா. ஒரு மாதம் வேண்டாம், பத்து நாள் போதும். உன் சீட்டுக்கான நாலு போல்ட்டும் எண்ணெய் தடவி, உன் பழைய பிஸ்கட் டின்னில், டாமினோவோடு சேர்த்து வைத்திருக்கிறேன். விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல். கால் மணி நேர வேலைதான், நான் சீட்டை உன் அளவுக்கு மாற்றி வைக்கிறேன். நீ ஓட்டு. நான் பக்கத்துச் சீட்டில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

உன்னுடைய
ஜேனிஸ்